வந்த வழியே வராத முள்

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீடுகளுக்கு ஓய்வு என்றால் அந்த ஒரு நாள்தான். மற்ற வீட்டு ஆம்பளைகள் படையல் போட்டுச் சாப்பிட்டு, மல்லாந்து படுத்துத் தூங்குவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கை ஈரம் காய்வதற்குள் தூண்டிலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தாமல் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். கூட என் தம்பி. தறியில் உட்காரப் பிடிக்காமல் சைக்கிள் கடை வைத்தவன் அவன். தூண்டில் பைத்தியத்தில் அவருக்கு ஒரு படி மேல்.

எனக்கு எரிச்சலாக வரும். செத்தவங்களுக்குச் சோறு வைக்கிற நாளில் ஒரு உயிரைக் கொல்லலாமா என்று கேட்பேன். எங்கே கொன்னேன், உசிரோடதானே கொண்டாறேன் என்பார். அதுவும் வாஸ்தவம்தான். விரால் லேசில் சாகாது. பானைத் தண்ணீரில் விட்டு, தட்டு போட்டு மூடி, மேலே குழவியைத் தூக்கி வைத்தால் ராத்திரி முழுக்க உள்ளே புரண்டுகொண்டிருக்கும். மறுநாள்தான் குழம்பு. பிடிக்கிறது அமாவாசையில், தின்பது பாட்டிமையில். நல்லா இருக்குது உங்க ஞாயம் என்பேன். குழம்பை என்னவோ நானும்தான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன்.

அவருடைய வலது கை ஆட்காட்டி விரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பட்டு இழை தலைமுடியைவிட மெல்லிசு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில் ஒன்று அறுந்தால் உடனே பிடித்து முடிச்சுப் போட வேண்டும். விட்டால் சேலை நெடுக ஒரு கோடு விழும். அவர் அதைக் கண்ணால் தேட மாட்டார். வாய் அது பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விரல் பாவின் மேல் ஒரு தடவு தடவும், அறுந்த இடத்தில் தானாக நிற்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் தறிக்குழியில் கால்விட்டு நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான ஊடை நூல் சுற்றிய நாடாவை வீசிக் கொடுப்பேன். நானும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் குழியில் இறங்கி நெய்தும் இருக்கிறேன். ஆனால் அந்த விரல் எனக்கு வராது.

இழை சிக்கிக்கொண்டால் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். இழுக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. எந்த வழியாகப் போனதோ அந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். "வந்த வழியே வாம்மா" என்று இழையிடம் கொஞ்சிக்கொண்டே எடுப்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஐப்பசி மழையில் தாமல் ஏரி தளும்பிக் கிடந்தது. தறியில் தை முகூர்த்தத்துக்கான கூறைச்சேலை பாதியில் நின்றது. அன்றைக்குத் தவளைக் குஞ்சை இரையாகக் கோத்துப் போட்ட தூண்டிலில் பெரிய விரால் ஒன்று மாட்டியிருக்கிறது. கரையில் போட்டு, வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும்போது அது உடம்பை முறுக்கி ஒரு துள்ளு துள்ளியது. முள் மீன் வாயை விட்டு இவர் விரலில் ஏறிவிட்டது. அந்த விரலில்தான்.

தம்பி பதறிப்போய்ச் சொல்லியிருக்கிறான். மாமா, தொடாதே, முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமா ஒரு கொக்கி இருக்குது, பின்னால இழுத்தா சதையைப் பிச்சிக்கினுதான் வரும், முன்னால தள்ளி நுனியை வெளியே எடுத்து, கொக்கியை நறுக்கிட்டா மிச்சம் தானா கழண்டுக்கும், என் உள்ளங்கையில் ஏறினப்போ அப்படித்தான் எடுத்தேன், குறடு கடையில இருக்குது, வா போவலாம் என்று கெஞ்சியிருக்கிறான்.

இவர் கேட்கவில்லை. "பட்டு நெய்யற கை மச்சான் இது. இன்னொரு ஓட்டை போடச் சொல்றியா? வந்த வழியே எடுத்துடறேன் இரு" என்று கரையில் உட்கார்ந்துவிட்டார். அவசரக்காரனாக இருந்திருந்தால் ஒரு தடவை இழுத்துப் பார்த்து, வலி தாங்காமல் விட்டிருப்பான். இவருக்கு நெசவுக்காரனின் பொறுமை. சிக்கெடுக்கிற மாதிரியே திருப்பி, சாய்த்து, மெல்ல மெல்ல வெகுநேரம் இழுத்திருக்கிறார். அந்தப் பொறுமைதான் எங்கள் குடியைக் கெடுத்தது. ஒவ்வொரு அசைவுக்கும் கொக்கி உள்ளே அறுத்திருக்கிறது.

சைக்கிள் வாசலில் வந்து நின்றபோது பின்னால் அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டில் வெள்ளை கொஞ்சம்தான் மிச்சம். தம்பி கடைக்கு ஓடிப்போய்க் குறட்டை எடுத்துவந்து கொதிதண்ணீரில் போட்டான். அதற்குள் அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"நீ எடு. சிக்கெடுக்கிறதுல உன் கை நல்ல கை."

நான் துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். முள்ளைச் சுற்றிச் சதை கிழிந்து கிடந்தது. எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் மணிக்கட்டை என் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டேன். தம்பி முள்ளை முன்னால் தள்ளினான். நகத்துக்குப் பக்கத்தில் தோல் கூம்பி எழுந்தது, நுனி வெளியே வந்தது. குறட்டால் கொக்கியை நறுக்கினான். அவ்வளவுதான், மிச்ச முள் வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்துவிட்டது. வலி அவருக்கு. அழுதவள் நான்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஊசியும் போட்டு அனுப்பினார்கள். அமாவாசையில் மீன் பிடிச்சா முன்னோர் சும்மா விடுவாங்களா என்று தெருவில் பேசினார்கள். எங்க மாமனாருக்கு விரால் குழம்புன்னா உசிரு, அவரா கோவிச்சிக்குவாரு, போங்க உங்க வேலையைப் பார்த்துக்கினு என்று வாயை அடைத்தேன். பானையில் அந்த விரால் புரண்டுகொண்டிருந்தது. அதை அம்மியில் அடித்தே கொல்லலாம் போல எனக்கு ஆத்திரம். அவர்தான் தடுத்தார். அதுக்கும் வாயில காயம்தானே, ஏரியிலயே விட்டுட்டு வரச் சொல்லு என்றார். தம்பி எடுத்துப் போனான்.

புண் ஆறினதும் எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. தழும்பு சொரசொரப்பாக நின்றால் பட்டு இழையை இழுக்கும், அந்தக் கை தறிக்கு ஆகாது. தினமும் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டேன். ஒற்றை இழையைத் தழும்பின் மேல் இழுத்து இழுத்துப் பார்ப்பேன், மாட்டும். கார்த்திகை கடைசியில் ஒரு நாள் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே காமாட்சிக்கு நெய்விளக்கு போட்டேன்.

தறி மறுபடி ஓடியது. அவர் ஊர்க்கதை பேசவில்லை. தலையைக் குனிந்து பாவையே பார்த்துக்கொண்டு நெய்தார். இத்தனை நாள் கழித்து உட்கார்ந்தவர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில் என் பக்கம் இழை ஒன்று அறுந்து கிடந்ததைப் பார்த்தேன். அவர் விரல் அதன் மேலேயே தடவிக்கொண்டு போனது, நிற்கவில்லை. நானே எட்டி முடிச்சுப் போட்டேன். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் நெய்த துணியில் சன்னமாக ஒரு கோடு தெரிந்தது. கூறைச்சேலையில் கோடு.

நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடச் சொன்னேன். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலைத் தானாகவே நீட்டினார். அவருக்குத் தெரிந்தே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றை இழையை எடுத்துத் தழும்பின் மேல் குறுக்கே வைத்தேன்.

அவர் காத்துக்கொண்டிருந்தார். நானும் காத்திருந்தேன்.

"ம், வை" என்றார்.

பிறகு அவரே கண்ணைத் திறந்து பார்த்தார். விரல் மேல் இழை கிடந்தது. அதை ஊதித் தள்ளினார். பலகையில் கையை ஊன்றி, குழியிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து, என் பக்கம் வந்து நின்றார்.

"எழுந்திரு. விரல்ல போனது வந்த வழியே இனிமே வராது. நீ அங்க உட்காரு."

நான் எழுந்துகொண்டேன். என் இடத்தில் அவர் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அழுதுகொண்டே போய்க் குழிக்குள் காலை விட்டேன். அவர் பாதம் இருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.