ஏழு பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், ஒரு மாதம், இத்தனை நாள் வேலைக்கு வந்தால் சம்பளத்துக்கு மேல் தரும் வரவுக் கொடுப்பனவு கிடைக்க அம்மாவுக்கு ஒரே ஒரு பேர் குறைந்தது. மிச்சமிருந்தது கடைசி நாள் மட்டும்.

அந்த நாளில்தான் ஹாலிஎலைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்துத் தேவாலயத்துக்கு வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வந்தார். அவருடைய பெரியப்பா ஒரு காலத்தில் இங்கே சின்னத்துரை, தோட்டத் துரைக்கு அடுத்த அதிகாரி. உலகப் போருக்குப் போய்க் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். தீப்பிடித்த விமானத்தோடு இலக்குவரை போய்த் திரும்பியதற்காக அதிலிருந்த எல்லோருக்கும் வீரப் பதக்கம். அடுத்த முறை போனபோது ஒருவரும் திரும்பவில்லை. விமானி, வழிகாட்டி, குண்டு வீசுபவர், கம்பியில்லாத் தந்திக்காரர், பொறியாளர், துப்பாக்கிக்காரர் இருவர். ஏழு பெயரையும் செதுக்கிய கல்லை வாசலில் நட்டிருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் பெரிய கிளாக்கர் சொன்னார்:

“நாளைக்குக் கொழுந்து இல்ல. எல்லாரும் சேர்ச்சுக்கு வரணும். பேர் வாசிப்பாங்க.”

“நின்னுக்கிட்டே பேரா? மாசம் ஒரு தொர செத்திருக்கலாம்,” என்றார் அத்தை. பெண்கள் சிரித்தார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல். இருந்தும் துவைத்த சேலை கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தூறலில் போய் நின்றார். ஏழு பெயரையும் வாசித்தார்கள், மலர்வளையம் வைத்தார்கள், அதோடு முடிந்தது. அம்மா கிளாக்கரின் முன்னால் போனார்.

“ஐயா, எங்களுக்குப் பேர் போடுவீங்கதானே?”

என்ன கேட்கிறார் என்று வெள்ளைக்காரப் பெண்மணி விசாரித்தார். கிளாக்கர் பக்கத்தில் நின்ற தோட்டத் துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னது, பள்ளியில் படித்த அளவுக்கு எனக்கும் புரிந்தது: தன் பெயரையும் கல்லில் போடுவீர்களா என்று கேட்கிறாளாம். அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆமாம், ஆமாம் என்றார். துரை கைதட்டினார்.

செக்ரோலில் அன்றைக்கு யாருக்கும் பேர் விழவில்லை. “வேல செஞ்சீங்களா, சும்மா நின்னீங்களா?” என்றார் கிளாக்கர். கொடுப்பனவும் போயிற்று.

நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பள்ளி விட்டு வரும்போதெல்லாம் கல்லைப் போய்ப் பார்த்தேன். ஏழாவது பெயருக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

“எடம் இருக்கும்மா. ஒன் பேரக் கண்டிப்பா போடுவாங்க.”

அம்மா தலையிலிருந்து கூடையைக்கூட இறக்கவில்லை.

“கல்லுல எனக்கு என்னாத்துக்கு? செக்ரோல்ல போட்டிருந்தாப் போதும்.”

கல் எத்தனை காலம் இருக்கும், செக்ரோல் எத்தனை நாள் இருக்கும் என்பதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.