கம்பேனியன் என்றால்

அவள் கழுத்தில் தொங்கிய அட்டை, அவளை ஒரு முதியவரின் ‘கம்பேனியன்’ என்றது. அவர் வீட்டில் அவள் பேசினால் பதில் வராது. சாப்பிடுவதோ சமையலறையில், பாத்திரம் தேய்க்கும் தொட்டியோரம் நின்றபடி. தான் பார்த்துக்கொள்ளும் ஆளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது, அவளை வேலைக்கு அனுப்பிய கம்பெனியின் சட்டம். அவள் கணவர் கப்பல் வேலையில் இருந்தார், மகள் புகுந்த வீட்டில். தன் வீட்டுக்குப் போனாலும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பாடு. “உப்பு கம்மி” என்று குறை சொல்லவாவது எதிரே ஓர் ஆள் இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள்.

முதியவர் அகராதிகளில் பிழை திருத்திப் பிழைத்தவர். சொற்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். ஒரு மதியம் பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

“ஐயா, கம்பேனியன்னா என்னங்க?”

“துணை. லத்தீன்லேர்ந்து வந்ததும்மா. ‘கம்’னா கூட, ‘பானிஸ்’னா ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி சாப்பிடுறவங்க.”

“அப்ப அட்டையில தப்பா போட்டிருக்காங்க. கம்பெனிதான் கூட உக்காந்து சாப்பிடாதேங்குது.”

“கம்பெனிங்கிற வார்த்தையும் அதே ரொட்டியிலேர்ந்துதான் வந்துச்சு. அவங்களுக்குத் தெரியாது போல,” என்றார். எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. “வீட்டுக்காரி போனதுலேர்ந்து இந்த மேசையில நானும் தனியாத்தான். உன் தட்டையும் எடுத்துட்டு வாயேன்.”

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அன்று மதியம் அவள் தட்டோடு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.