அருவிக்குப் பயந்த சிவசைலம்

குற்றாலத்தில் பரமேஸ்வரனைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் குற்றாலத்துக்கே வந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கையில் ஒரு எண்ணெய்க் கிண்ணம், தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான் முதல். வந்தவன் போனவன் முதுகையெல்லாம் அருவிக்கரையில் தேய்த்துத் தேய்த்தே ஒரு கடை, ஒரு லாட்ஜ், இலத்தூர்ப் பக்கம் நெல்வயல் எல்லாம் உண்டாக்கினார். பேங்க் மேனேஜரே எழுந்து நாற்காலி போடுவார். இதை அவரே நாலு பேரிடம் சொல்லுவார்; சொன்னால் என்ன, பொய்யா?

அப்பேர்ப்பட்டவரை வாய் பிளந்து நிற்க வைத்த ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவருடைய தம்பி சிவசைலம்.

சிவசைலம் பிறந்தபோதே கண் இரண்டும் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. விரல்கள் குட்டை, நாக்கு வாய்க்குள் அடங்காது. டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது ரொம்பப் பிற்பாடு. அன்றைக்குப் பார்த்த டாக்டர், பையன் பத்து வயசைத் தாண்டமாட்டான் என்று கையை விரித்தார். பையன் பத்தையும் தாண்டினான், ஐம்பதையும் தாண்டினான். துண்டை இடுப்பில் முடியக் கற்றுக்கொள்ளவே அவனுக்கு ஒரு சீசன் ஆயிற்று. தலைக்கு எண்ணெய் வைக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நாளாயிற்று. ஆனால் கற்றது கற்றதுதான், பாறையில் வெட்டின மாதிரி. அந்தக் குட்டை விரல்கள் மண்டையில் இறங்கினால் மதுரை வக்கீலும் உட்கார்ந்த பலகையிலேயே குறட்டை விடுவார். சாரல் தொடங்கியதும் வருகிற வாடிக்கைக்காரர்கள் பரமேஸ்வரனை நலம் விசாரிப்பதற்கு முன்னால், "சைலம் இருக்கானா?" என்றுதான் கேட்பார்கள்.

போன சீசனில் கோளாறு தலைகாட்டியது. எண்ணெய் வைத்து முடித்த தலைக்கே மறுபடியும் எண்ணெய் வைத்தான். துண்டை முடியப் போனவன் இரண்டு நுனியையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். வீட்டில் வெள்ளைத் தரை முடிந்து கறுப்பு டைல்ஸ் தொடங்குகிற இடத்தில் கிணற்றைப் பார்த்தவன் போலக் காலை இழுத்துக்கொண்டான். கோபம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை, கடையில் வேலை பார்க்கிற இசக்கிராஜாவை ஈரத்துண்டால் ஒருநாள் விளாசிவிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பிக்கு இப்பத்தான் மொதலாளி வீட்டுப் பிள்ளைன்னு ஞாபகம் வந்திருக்கு போல" என்றான் இசக்கிராஜா, முதுகைத் தடவிக்கொண்டு. "எங்களையெல்லாம் அடிக்கான்."

"வீம்புலே அது. வயசு ஏற ஏற வீம்பும் ஏறும். எனக்கு ஏறலையா?" என்றார் பரமேஸ்வரன்.

வீம்புக்கு மருந்து அவர் கையிலேயே இருந்தது. குற்றாலத்துக்காரனுக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த மருந்து. புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். தலையில் தண்ணீர் விழ விழத் தெளியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கண்ணெதிரே மருந்து கொட்டிக்கொண்டிருக்க ஆஸ்பத்திரி என்னத்துக்கு?

விடிகிற நேரத்தில், கூட்டம் சேருவதற்கு முன்னால், தம்பியை மெயின் அருவிக்குக் கூட்டிப்போனார். சின்ன வயசில் அந்தத் தண்ணீருக்குள் நின்று கும்மாளம் போட்டவன், இப்போது ஈரப்பாறையில் கால் வைக்கவே மாட்டேன் என்றான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பிடரியில் கைவைத்து நிறுத்தினார். சிவசைலம் அலறினான். அருவிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்டது. "தெளியும்லே, தெளியும், நில்லு" என்றார். மறுநாளும் கூட்டிப்போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒருநாள் காலையில் சிவசைலம் வழுக்கி விழுந்து, தூக்கப்போன அண்ணனின் முழங்கையைக் கடித்துவிட்டு ஓடினான்.

அண்ணன் மேலிருந்த ஒட்டுதல் அன்றோடு போயிற்று. பரமேஸ்வரனின் வெள்ளைச்சட்டை வாசலில் தெரிந்தாலே மருமகள் நிர்மலாதேவியின் பின்னால் போய் ஒளிந்தான். அவர் நீட்டின பழத்தை வாங்கவில்லை. அவர் கை பட்டால் உடம்பு உதறியது. பஜாரே எழுந்து நிற்கிற மனுஷனைக் கண்டு, அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை ஓடினான். லாட்ஜ் போனால் இன்னொரு லாட்ஜ் கட்டிவிடுவார் பரமேஸ்வரன். இதை எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நிர்மலாதேவிதான் பேச்சை எடுத்தாள். "மாமா, கோவப்படாதீய. சின்ன மாமா வீம்பு பண்ணல. வீம்பு பண்ணுதவுகளுக்கு என்ன பண்ணுதோம்னு தெரியும். இவுகளுக்குத் தெரியல. தென்காசியில ஒரு டாக்டரம்மா இருக்காக, காட்டிருவோம்."

டாக்டரம்மாவுக்கு மருமகள் வயசுகூட இருக்காது. ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே இல்லை. "நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால இவரு எப்படி இருந்தாருன்னு சொல்லுங்க" என்றுதான் தொடங்கினார். நிர்மலாதேவி சொல்லவில்லை, செல்போனைத் திறந்து காட்டினாள். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் கடையில் எடுத்த வீடியோ. அதில் சிவசைலம் துண்டை ஒரே சுழற்றில் முடிந்து, கிண்ணத்தைச் சாய்த்து, தாளம் தப்பாமல் ஒரு தலையைத் தட்டுகிறான். இந்தப் பக்கம் நாற்காலியில் அதே சிவசைலம் தன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பரமேஸ்வரன் போனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் கூட இருந்தவர் கண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மத்தவங்களோட ஒப்பிடக் கூடாதுய்யா. இவரை இவரோடதான் ஒப்பிடணும்" என்றார் டாக்டரம்மா. காது, கண், தைராய்டுக்கு ரத்தம் எல்லாம் பார்க்கச் சொன்னார். அதில் ஏதாவது ஒன்று கெட்டாலும் இப்படிக் காட்டுமாம். காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்தார்கள். தைராய்டுக்கு மாத்திரை கொடுத்தார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. அடுத்தடுத்துப் போய்க் காட்டிய பிறகுதான் டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். டிமென்ஷியா, மறதி நோய். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட ரொம்ப முந்தியே வந்துவிடக்கூடும்.

"அப்போ அருவி?" என்றார் பரமேஸ்வரன்.

"நமக்கு அது தண்ணி. இவருக்கு என்ன நடக்குதுன்னே பிடிபடாது. பெரிய சத்தத்தோட ஒரு சுவரு மேல இடிஞ்சு விழுந்தா எப்படி இருக்கும்?" டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "மாத்த முடியாது ஐயா. ஆனா பயமில்லாம வச்சுக்கிட முடியும். தப்பாச் சொன்னா திருத்தாதீங்க. இது யாரு, அது யாருன்னு கேட்டுப் பரீட்சை வைக்காதீங்க. அவரு எங்க நிக்காரோ, அங்க போயி நீங்க நில்லுங்க."

வீடு மாறியது. கறுப்பு டைல்ஸ் மேல் தரை நிறத்திலேயே விரிப்பு போட்டார்கள். கக்கூஸ் கதவில் அடையாளம் தெரிய நிர்மலாதேவி ஒரு படம் ஒட்டினாள். குளியல் வாளியில், வெந்நீரில், காலிலிருந்து தொடங்கி மெல்ல மேலே. கடைக்கும் போனான், ஆனால் பகலில் கூட்டமில்லாத நேரம், ஒரே ஒரு தலை, எண்ணெயை இசக்கிராஜா உள்ளங்கையில் ஊற்றிக் கொடுக்க.

பரமேஸ்வரனுக்கு மட்டும் அந்தப் பக்கம் போக வழியில்லை. எதிரே இருக்கிற சிப்ஸ் கடையில் நின்று, நேந்திரங்காய் வறுபடுகிற புகைக்குள்ளிருந்து திருடன் மாதிரிப் பார்ப்பார். பார்த்த காட்சி அவரை உலுக்கியது. காலையில் சாப்பிட்டதை மறந்த பிள்ளை, செருப்பு எது என்று தெரியாத பிள்ளை, ஒரு தலையை முன்னால் உட்காரவைத்ததும் வேறு ஆளானான். விரல்கள் தாமாக நடந்தன. உச்சியில் அழுத்தி, காதோரம் இறங்கி, பிடரியில் நின்று, திரும்பி ஏறின. மண்டைக்குள் விளக்கு ஒவ்வொன்றாக அணைய, விரல் நுனியில் மட்டும் யார் எரியவிட்டு வைத்திருக்கிறார்கள்? மலையையும் மழையையும் பார்த்து மலைக்காத மனுஷன், அந்தக் கையைப் பார்த்து மலைத்து நின்றார்.

"அண்ணாச்சி, சிப்ஸ் வாங்கப் போறீயளா, இல்ல கடையையே வாங்கப் போறீயளா?" என்றான் கடைக்காரன்.

"வாங்கிருவேன்லே, பேசாம இரு" என்றார். சொல்லிவிட்டு அந்த வெள்ளைச்சட்டையைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தார். வேட்டியை மடித்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, சாலையைக் கடந்துபோய்ப் பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இசக்கிராஜா பார்த்தான், சிவசைலத்தின் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினான்.

கை இறங்கியது. பரமேஸ்வரன் மூச்சை அடக்கிக்கொண்டார். எத்தனையோ ஆயிரம் தலைகளைத் தொட்டவர். தம்பி கையில் தன் தலையை அவர் கொடுத்ததே கிடையாது. அது தேய்ப்பு இல்லை. யாரோ கோயிலுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி இருந்தது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றான் சிவசைலம்.

'ஏலே, நான் ஒன் அண்ணன்லா' என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். "பாவூர்சத்திரம்."

"குளிச்சாச்சா?"

"இல்ல. இனிமேத்தான்."

விரல்கள் நின்றன. சிவசைலம் குனிந்து காதோடு சொன்னான். "மெயின் அருவிப் பக்கம் போயிராதீய. அங்கன எங்க அண்ணன் நிப்பான். பிடிச்சுத் தள்ளுவான்."

இசக்கிராஜா எண்ணெய்ப் பாட்டிலோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பரமேஸ்வரனுக்குக் கண்ணில் எண்ணெய் இறங்கிவிட்டது போலிருந்தது, துடைக்கவில்லை.

"இனிமே தள்ள மாட்டானாம்" என்றார்.

"யாரு சொன்னா?"

"அவனேதான் சொன்னான். வருத்தப்பட்டான்."

சிவசைலம் யோசித்தான். எண்ணெய் காதோரம் வடிந்து தோளில் சொட்டியது. "சரி" என்று சொல்லி, உச்சியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். "எந்திரிங்க. பலகை வழுக்கும், பாத்து."

சொல்லிவிட்டு முன்பக்கம் வந்து, கையை நீட்டினான். முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் நீட்டினான். பாவூர்சத்திரத்துக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தம்பியின் கை உதறவில்லை.