குருசடி நிற்கவேண்டிய இடம்

சந்தின் வாயில் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். சுனாமியில் செத்தவர்களின் நினைவாக அங்கே குருசடி, சிலுவை வைத்த சிறு கோயில், வரப்போகிறது. மீன் விற்றுத் திரும்பிய லிஜி ஸ்கூட்டரை நிறுத்தினாள். கடலோரத்திலிருந்து மேட்டு ரோட்டுக்கு ஏற அந்த ஊருக்கு இருப்பது அந்த ஒரே சந்துதான்.

சுனாமி வந்த அன்றைக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி குலுங்கியது இங்கே யாருக்கும் தெரியாது. அலையைப் பார்த்த யாரோ கோயில் மணியை அடித்தார்கள். மணி அடித்தால் கோயிலுக்கு ஓடுவது கடற்கரைக்காரர்களின் பழக்கம். கோயிலோ கரையில். அக்கா அஜிஷா மணியை நோக்கி ஓடினாள். அவிழ்ந்துபோன ஆட்டைத் துரத்திக்கொண்டு லிஜி சந்தில் ஏறியிருந்தாள். அவள் பிழைத்தது அதனால்தான். எந்தப் புனிதரும் கைபிடித்துத் தூக்கவில்லை. பிறகு ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார், பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். பள்ளிக்கூடச் சட்டையோடு எழுந்து, "எனக்க அக்கா என்ன பாவம் செஞ்சா?" என்று கேட்டாள் லிஜி. 

வளர்ந்தபின் ஊர்ப் பெண்களைச் சேர்த்து, அலை வந்தால் தப்பச் சந்தில் ஓடப் பழக்கினாள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மதில்மேல் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், "லிஜிக்க ஒலிம்பிக்ஸ் தொடங்கியாச்சு" என்பார்கள்.

கயிற்றைப் பார்த்த கையோடு குருசடிக் கமிட்டித் தலைவர் யேசுரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, ஓடுற வழியிலயா குருசடி?"

"ஆள் போவ மூணடி விட்டிருக்குல்லா. உனக்க அக்கா பேரைத்தான் முதல்ல வெட்டப்போறோம்."

"அவ பேரை வச்சு வழியை அடைக்கப் போறியளா?"

"ஏட்டி, செத்தவங்களுக்கு மரியாதை வேண்டாமா?"

"இருக்கவங்க சாவாம இருக்கட்டும். அதுதான் அவளுக்கு மரியாதை."

உள்ளே கட்டிலில் கிடந்த யேசுரத்தினத்தின் அம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பு ஒடிந்தபிறகு அவள் நடப்பதில்லை. வாய் மட்டும் நன்றாக நடக்கும். "மக்கா லிஜி, கல்லு போடுற அன்னைக்கு என்னையும் தூக்கிட்டுப் போ. நானும் பாக்கணும்" என்றாள்.

அடிக்கல் நாளில் மாலை, மெழுகுவத்தி, ஒலிபெருக்கி எல்லாம் தயார். ஜெபம் தொடங்குமுன் லிஜியும் மூன்று பெண்களும் கிழவியை நாற்காலியில் தூக்கிக்கொண்டு கடல் பக்கமிருந்து ஓடிவந்தார்கள். பின்னால் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு இன்னும் பல பெண்கள். கயிற்றுக்கும் மதிலுக்கும் நடுவே நாற்காலி சிக்கியது. பக்கவாட்டில் பிடித்திருந்தவர்களுக்கு நுழைய இடமில்லை. பின்னால் வந்த கூட்டம் அவர்கள் முதுகில் மோதி நின்றது.

 கிழவி திரும்பி மகனைப் பார்த்தாள்.

"ஏலே, தண்ணி வந்தா என்னை இந்த இடத்திலதான் போட்டுட்டுப் போவியா? எனக்க பேரையும் இப்பமே வெட்டிரு."

யேசுரத்தினம் மாலையைக் கீழே வைத்தார். குனிந்து முளையைப் பிடுங்கியது அவர்தான்.

குருசடி இப்போது சந்து முடியும் மேட்டில் நிற்கிறது, ஓடி ஏறுகிறவர்கள் வந்து சேரும் இடத்தில். முதல் பெயர் அஜிஷா. திறப்பு முடிந்து எல்லாரும் கலையும்போது லிஜி மட்டும் போகவில்லை.

"இன்னும் என்னட்டி?" என்றார் யேசுரத்தினம்.

"மணி, அண்ணே. அது இன்னும் கரையிலதான தொங்குது. அதையும் இங்க கொண்டு வரணும்."