தலைக்கு இரண்டு செடி

எங்கள் அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அய்யம்பாளையத்தில் பிறந்து, மலைமேல் அட்டுவம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த வருடம் கீழ்நாட்டு வழக்கப்படி வீட்டில் தலைக்கு ஒரு தக்காளிச் செடி நட்டாராம். தை மாதப் பனியில் பாதி கருகிப்போயிற்று. அன்றுமுதல் அவர் கணக்கு தலைக்கு இரண்டு.

அப்பா காலமானபின் பாகம் பிரித்தார்கள். வெயில் படும் மேட்டையும் ஊற்றையும் சித்தப்பா எடுத்துக்கொண்டார். பனி தங்கும் பள்ளம் எங்களுக்கு வந்தது. அம்மா மாலைதோறும் செடிகளைச் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுவார்.

சித்தப்பா மேடு முழுவதும் சந்தைக்கான உருளைக்கிழங்குதான் போட்டார். அவர் வீட்டு ரசத்துக்கான தக்காளிப் பழம் எங்கள் பள்ளத்திலிருந்தே போகும். நாங்கள் ஐந்து பேர், பத்துச் செடி. அவரும் சித்தியும் இருவர், அவர்களுக்கென்று நான்கு. அம்மா பதினான்கு நடுவார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சித்தப்பா கேட்பார்: "என்ன மதினி, பனிக்குத் தீனி போடுறீங்களா?"

"பனி தின்னது போக உங்களுக்கும் இருக்கும், தம்பி."

எனக்கு ஆத்திரமாக வரும். "அவங்களுக்கு எதுக்கும்மா நடணும்?" என்பேன்.

"நடும்போதே சேத்து எண்ணிட்டா, குடுக்கும்போது வயிறு எரியாதுப்பா."

சென்ற ஆண்டு ஒரு காலையில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. சித்தப்பாவின் ஜீப்பைக் கேட்டு ஓடினேன். அவர் வீட்டு அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, எங்கள் பழத்தில் வைத்த ரசம்.

"மூட்டை ஏத்தியாச்சேப்பா. எறக்குனா சந்தை போயிரும். சுக்கு வச்சுக் குடு, கேட்கும்" என்றார்.

கீழ்த் தெருவில் பஜார்க்கடை பாய் ஒருவர் வேனில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "ஏலே, எல்லாத்தையும் வெரசா எறக்குங்க" என்று ஆட்களிடம் கத்தினார். ஆனாலும் நேரம் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், செண்பகனூர் வருவதற்குள் அம்மா என் மடியிலேயே அடங்கிவிட்டார். இன்றும் என் மகளுக்கு லேசாக உடம்பு சுட்டால், யார் வண்டி கிடைக்கும் என்றுதான் முதலில் மனம் பதறுகிறது.

முட்டைக்கோசை மண்ணில் இறக்கிவைத்த பாய்க்கும், இறுதிவரை உடனிருந்த அய்யம்பாளையத்து உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பா நீர்மாலைச் சடங்குக்கு வந்தார், முன்வரிசையில் நின்று அழுதார். அதையும் பதிவு செய்கிறேன். இந்த நினைவு மலரின் முதல் பிரதி அவருக்கே போகிறது.

இந்த ஆண்டு நாற்று நடும்போது என் மனைவி, "எத்தனைங்க?" என்று கேட்டாள். நாங்கள் இப்போது நால்வர். ஆனாலும் பத்து என்றேன். அம்மாவின் இரண்டு செடியில் காய்ப்பது பாய் வீட்டுக்குப் போகும்.

சித்தப்பா வீட்டுக்கான நான்கு குழிகளையும் வழக்கம்போல் வேலியோரமே வெட்டினேன். அவற்றில் ஒன்றும் நடவில்லை. மூடவும் இல்லை. மேட்டில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.