இரண்டு நீல அட்டைகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று பிள்ளைகளைப் பெற்று மூவரையும் ஆளாக்கிவிட்டேன். படித்தது மூன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை. எங்கள் பம்மல் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு நீல அட்டைகள் செருகியிருக்கின்றன. ஐம்பது வருஷத்தில் என் வீட்டுக்காரரிடம் நான் சொன்ன ஒரே பொய் அந்த அட்டைகளைப் பற்றியது.

நடு மகள் ஜெர்மனியில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களை அங்கே வரவழைத்து, ஆற்றில் போகிற சின்னக் கப்பல் ஒன்றில் ஐந்து நாளைக்கு ஏற்றிவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. திருப்பதிக்குப் போனாலும் பின்னால் பத்துப் பேர். கப்பலில் தமிழ் பேச வேறு ஆள் இல்லாததால் அவர் என்னிடமே பேசினார். தோல் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் ஈரத் தோலோடு நின்ற மனிதர், கரையில் நகர்ந்த திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி, “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீ என்ன மொறச்சிகினே இருந்தே” என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது ஞாபகம் இருந்ததே எனக்குத் தெரியாது.

கரையில் இறங்கும்போது ஆளுக்கு ஓர் அட்டை தருவார்கள். திரும்பி ஏறியதும் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் அதைக் கொடுக்க வேண்டும். எல்லா அட்டையும் வந்துவிட்டால் எல்லா ஆளும் வந்தாயிற்று என்று, ஏறி இறங்கும் பலகையை எடுத்துவிட்டுக் கப்பலைக் கிளப்பிவிடுவார்கள். மகள் போனில் இதை இரண்டு முறை சொன்னாள். ஆனால் அவர் கையில் எதையும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. குடை, பஸ் பாஸ், ரேஷன் கார்டு எல்லாம் தொலைத்தவர். அதனால் இரண்டு அட்டையும் என் சுருக்குப் பையில் இருந்தன. அவருடைய செல்போனும் அதில்தான்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். தோல் பை விற்கும் கடையைப் பார்த்ததும் அவருக்குக் கால் நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, இது ஆடு, இது கன்று என்று எனக்குப் பாடம் நடத்தினார். எனக்கோ முட்டி வலி. நீ போய் உட்காரு, பின்னாலேயே வருகிறேன் என்றார். கப்பலில் ஏறியதும் இரண்டு அட்டையையும் எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் வேலையிலிருந்து வரும் முன்னே தட்டைப் போட்டு வைத்துப் பழகிய கை, யோசிக்கவே இல்லை. மேலே போய் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரை நகர்ந்தது. நகர்வது கப்பல்தான் என்று புரிய எனக்கு நேரம் ஆனது.

பார்த்தால் கரையில் அவருடைய மங்கி குல்லா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நடக்கிற மாதிரி மெதுவாக வருகிறார். பாஸ்போர்ட் கப்பலில், போன் என்னிடம், அவர் சட்டைப் பையில் ஒரு கர்ச்சீப். அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. எழுந்து நின்று “ஏங்க” என்று கத்தினேன். சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் பத்து ஆம்பளைகள் திரும்புவார்கள். அந்தக் கரையில் ஒரே ஒரு தலைதான் நிமிர்ந்தது. நிமிர்ந்தவர் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். கப்பல் சும்மா திரும்பி நிற்கப் போகிறது என்று நினைத்தாராம். நான் கீழே ஓடி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போய்க் காட்டினேன்.

கப்பல் மறுபடி கரைக்கு வந்தது. ஏறியதும், “இன்னா, வுட்டுட்டுப் போலாம்னு பாத்தியா?” என்றார். பேச்சு கேலிதான். ஆனால் பிடித்த என் கையை அவர் விடவே இல்லை. அதைப் பார்த்ததும் என் வாயில் எப்படி வந்ததோ, “அந்தப் பொண்ணு எண்ணுனதுல தப்புங்க” என்று சொல்லிவிட்டேன். கேப்டன் எங்கள் முன்னாலேயே அவளைக் கேள்வி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவரோ பெரிய மனசாக, பரவாயில்லை பாப்பா என்று அவளை மன்னித்தார்.

கடைசி நாள், ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அவளே அந்த அட்டைகளைக் கொடுத்தாள். ஒன்றை அவர் கையில், ஒன்றை என் கையில், தனித்தனியாக. என் விரல்களை மடக்கி மூடிவிட்டுச் சிரித்தாள். அதில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது அவருக்குக் காது மந்தம். சமையலறையிலிருந்து மூன்று முறை “ஏங்க” என்றாலும் திரும்புவதில்லை. எதிரில் போய் நிற்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அட்டையைக் காட்டிக் கப்பல் கதையைச் சொல்வார். பாவம், அந்தப் பெண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிப்பார். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது நான் காப்பி கலக்க எழுந்து போய்விடுவேன். அவள் சரியாகத்தான் எண்ணினாள். இரண்டு அட்டையைக் கொடுத்தவள் நான்.

பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். இதை எழுதிய நோட்டை அவளிடம் நீட்டினேன்.

“தாத்தா பக்கத்துல ஒக்காந்து இத படிச்சிக் காட்டு கண்ணு. வலது காதுப் பக்கம் ஒக்காரு. அட்ட குடுத்த எடத்த மட்டும் ரெண்டு தபா படி. நான் இங்கியேதான் இருப்பேன், காப்பி கலக்கப் போவ மாட்டேன்.”