செல்லாத தாளுக்குக் குங்குமம்

யாங்கூனில் எனக்கு மோதிரக் கடை. ரஷ்யாக்காரப் பெண் ஒருத்தி, வங்கி அட்டை இங்கே வேலை செய்யவில்லை என்று ரூபிள் நோட்டை நீட்டினாள். அந்தக் காலத்தில் வெள்ளிக் கட்டியை வெட்டிக் கொடுத்ததால், அவர்கள் பாஷையில் ‘வெட்டு’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயராம் ரூபிள், பெருமை வேறு. பிற்பாடு விலைவாசி ஏறியதால் அவர்கள் அரசாங்கம் அதில் மூன்று சைபரை வெட்டிய கதையையும் அவளே சொன்னாள்.

“வெட்டி வெட்டியே தேஞ்ச காசு. மடிப்பு விழுந்த டாலர்கூட இங்க எடுபடாது. மடிப்பு விழாத டாலர் இருந்தாக் கொண்டாரச் சொல்லு,” என்றேன் மனைவி மா கினிடம்.

அவள் நிமிரக்கூட இல்லை. “உங்க அப்பா பொட்டியில விட்டுட்டுப் போன பர்மா கியாட்டு நோட்டு, அப்பவே நம்ம சர்க்கார் செல்லாதுன்னு தள்ளுனது. அதுக்கு நீங்க வருஷா வருஷம் தீபாவளிக்குக் குங்குமம் வைக்கிறீங்க. இவங்க நோட்டு இவங்க ஊர்லயாச்சும் செல்லுது.”

அந்தப் பெண் மோதிரம் வாங்காமலே போய்விட்டாள்.

இந்தத் தீபாவளிக்கும் பெட்டியைத் திறந்தேன். குங்குமம் வைக்கக் கை வரவில்லை. குப்பையில் போடவும் வரவில்லை.